சர்க்கரை போதுங்களா, சாமி?

அஸ்தம்பட்டியில் மாலை வேளையில் வீடு சந்திக்கச் சென்றால், ஐந்து இல்லங்களில் ஐந்து குவளை காப்பி நம்மை எதிர்கொள்ளும். வேண்டாம் என்றால் இல்லத்தரசியின் முகம் வாடும். "சர்க்கரை போதுங்களா, சாமி?" என்று கேட்டவாறே மேலும் சிறிது இடுவர். சென்ற ஆண்டு மருத்துவர் நமது இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து, "நீரிழிவின் வாயிலில் நிற்கிறீர்கள்" என்று எச்சரித்த பின்னரே நாம் கணக்கிட்டோம். குவளைக்கு இரண்டு தேக்கரண்டியாக, ஒரே மாலையில் பத்துக் கரண்டி. ஏறத்தாழ 40 கிராம்!

நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர், உணவில் சேர்க்கும் சர்க்கரையை 50 கிராமுக்குள் நிறுத்தவேண்டும். 25 கிராமுக்குள் அடங்கினால் இன்னும் நன்று. இது உலக சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்த நெறி. நம் நாட்டில் நீரிழிவுற்றோர் பத்துக் கோடிக்கும் மேல் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் அறிவித்தது.

"நாங்கள் அஸ்கா சேர்ப்பதில்லை, வெல்லந்தான்" என்பர் சிலர். வெல்லமும் தேனும் அந்தக் கணக்கில் அடங்குபவையே. மேலும், நமது ஓமலூர் வட்டாரத்திலேயே வெல்லத்தில் வெள்ளைச் சர்க்கரை கலப்பதை அதிகாரிகள் பன்முறை கண்டுபிடித்துள்ளனர்.

பிரிட்டனில் சர்க்கரைப் பங்கீடு 1953இல் நீங்கியது. பங்கீட்டுக் காலத்தில் கருவிலும் மழலைப் பருவத்திலும் இருந்தோர்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடு குறைந்திருந்ததென 2024இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. எனவே தாய்மார்களே, குழந்தையின் பாலில் சர்க்கரை கலவாதீர்.

செய்யவேண்டியது கடினமன்று. வாரந்தோறும் கால் கரண்டி குறையுங்கள். நாக்கு தானே பழகிவிடும். மறைக்கல்வி முடிந்து வரும் பிள்ளைகளுக்குக் குளிர்பானத்திற்குப் பதிலாகச் சுண்டலோ கொய்யாவோ நீர்மோரோ கொடுங்கள். திருநாள் பலகாரம் திருநாளுக்கே இருக்கட்டும்.

நம் பங்கில் ஒரு தாயார், ஆறாத புண்ணால் கால்விரல் ஒன்றை இழந்தார். இன்று அவ்வில்லத்தில் காப்பி தனியே வரும். சர்க்கரை சிறு கிண்ணத்தில் தனியே வரும். "வேண்டியதைப் போட்டுக்கொள்ளுங்க, சாமி" என்பார் மருமகள். அந்த விருந்தோம்பலில் அன்பு குறைந்ததாக நமக்குத் தோன்றவில்லை, கூடியதாகவே தோன்றுகிறது.