காய்ச்சல் இறங்காவிட்டால்...

சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் என் நண்பருக்குச் சர்க்கரை நோய் உண்டு. குளிர்காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி. சுக்குக் கஷாயம் குடித்துவிட்டு நான்கு நாள் கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தார்.

சிறுநீரகத்தில் தொற்று என்று சிறுநீர்ப் பரிசோதனை காட்டியது. சாதாரணமாக அதுவே போதும். மருந்து தொடங்கி மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்காவிட்டால்தான் ஸி.டி. ஸ்கேன். சர்க்கரை நோயாளிகளுக்கு அவ்வளவு காத்திருக்கமாட்டார்கள். சிறுநீரகத்துக்குள் வாயு உண்டாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

நரம்பில் ஏற்றும் சாய மருந்து அழற்சி கண்ட இடத்தில் சரியாகப் பரவாது. படத்தில் அந்த இடம் ஆப்பு வடிவில் மங்கித் தெரியும். நண்பருக்குச் சீழ்க்கட்டியும் தெரிந்தது. குழாய் வைத்து வடித்தார்கள். ஸ்கேனுக்கு முன் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தார்கள். சாய மருந்தைச் சிறுநீரகம்தானே வெளியேற்ற வேண்டும்!

இக்கருவிக்காக 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹவுன்ஸ்ஃபீல்ட் என்னைப்போல் டிப்ளமாக்காரர் என்பதில் எனக்கொரு சந்தோஷம்.

நண்பர் மறுபடி கடை திறக்க ஒரு மாதமாயிற்று.