ரம்மியில் இரண்டு ஆட்டங்கள்

சங்கத்துப் பொங்கல் விழாவில் ரம்மிப் போட்டி என்றால் எல்லோரும் உற்சாகமாகப் பெயர் கொடுக்கிறார்கள். மூன்றாவது கை முடிவதற்குள் வாக்குவாதம் தொடங்கிவிடுகிறது. ஒருவர் பாயிண்ட் ஆட்டத்துப் பழக்கத்தில் ஆடுகிறார், எதிரில் இருப்பவர் 101 ஆட்டத்து முறையில் ஆடுகிறார். சண்டைக்கு வேறு காரணமே வேண்டாம்.

பதின்மூன்று சீட்டு, ஒரிஜினல் சீக்வன்ஸ் கட்டாயம் என்பதெல்லாம் இரண்டுக்கும் பொது. முதலிலேயே ஸ்கூட் விட்டால் 20, நடுவில் விட்டால் 40, ஃபுல் கவுண்ட் 80. வித்தியாசம் கணக்குத் தீர்ப்பதில்தான்.

பாயிண்ட் ஆட்டத்தில் ஒவ்வொரு கையும் அத்தோடு தீர்ந்தது. ரயிலுக்கென்றே அமைந்த ஆட்டம். ஜி.டி. எக்ஸ்பிரஸில் நான்கு பேர் மடிமேல் பெட்டியை வைத்துத் துண்டை விரித்து ஆடும்போது, நாக்பூர்க்காரர் இறங்கிப் போகலாம். அவர் இடத்தில் பக்கத்து பெர்த்காரர் உட்காரலாம். "இதுதான் எனக்குக் கடைசிக் கை" என்று சீட்டுப் போடுமுன் சொல்லிவிடுவது மரியாதை. பெரிய கையை ஜெயித்த சூட்டோடு எழுந்து போகிறவரை யாரும் தடுக்க முடியாது, ஆனால் அடுத்த பயணத்தில் அவரை யாரும் கூப்பிடமாட்டார்கள். காசு விஷயம் வேறு. 1967-ல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. 2025-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமை ஆட்டமானாலும் இணையத்தில் பணம் கட்டி ஆடக்கூடாது என்கிறது. நமக்குப் புளியங்கொட்டை போதும்.

101-ல் புள்ளிகள் சேர்ந்துகொண்டே போகும். 101-ஐத் தொட்டவர் வெளியே. கடைசியில் மிஞ்சுகிறவருக்கே வெற்றி. ஆகவே ஸ்கூட்டின் விலை கைக்குக் கை மாறுகிறது. 80-ல் இருப்பவர் ஸ்கூட் விட்டால் 100, பிழைத்தார். 81-ல் இருப்பவர் விட்டால் 101, போயிற்று! கையில் ஒரு ஜோக்கர்கூட இல்லாவிட்டாலும் அவர் ஆடியே தீரவேண்டும். இதைத்தான் 'கம்பல்சரி' என்கிறோம். பாயிண்ட் ஆட்டக்காரருக்கு இது புரியாமல், "இந்தக் கைக்கு ஏன் ஆடினீர்கள்?" என்று கேட்பார்.

இங்கே பாதியில் எழுந்து போகக்கூடாது. கணவனும் மனைவியும் ஒரே மேஜையில் வேண்டாம். ஒருவருக்கு வேண்டிய சீட்டை மற்றவர் இறக்கினால் பரிசு ஒரே வீட்டுக்குத்தானே போகும்! (நம் சகோதரிகள் கோபிக்க வேண்டாம், கணவன்மார்தான் அதிகம் இறக்குகிறார்கள்.) வெளியேறியவர் பிறர் முதுகுக்குப் பின்னால் நிற்காமல் காபிக்குப் போகட்டும். ஒரு மேஜை தாமதித்தால் மற்ற மேஜைகளும் காத்திருக்கும். ஒற்றைத் தடத்தில் முன்னால் சரக்கு வண்டி போவது போல.

வெளியேறியவர் மறுபடி சேரலாமா என்பதுதான் பெரிய தகராறு. மீதமுள்ளவர்களில் யாரும் 79-ஐத் தாண்டவில்லையென்றால், அதிகப் புள்ளிக்கு ஒன்று கூட்டிச் சேர்த்துக்கொள்வது பலரது வழக்கம். விழாப் போட்டிக்கு அது ஒத்துவராது, ஆட்டம் முடியவே முடியாது. எப்படியானாலும் சீட்டைக் கலைக்குமுன் அறிவித்துவிடுங்கள்.