குளிரை வென்ற அடுக்குகள்: எம்-1943 ஜாக்கெட்டின் கதை

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது, அதன் தரைப்படையினர் அணிந்திருந்தது இடுப்பளவே நீண்ட ஒரு குட்டை ஜாக்கெட். மேஜர் ஜெனரல் ஜேம்ஸ் பார்சன்ஸின் யோசனைப்படி, பொதுமக்கள் அணிந்த விண்ட்பிரேக்கரை ஒட்டித் தைக்கப்பட்டது அது. வெளியே பருத்தி பாப்ளின், உள்ளே கம்பளித் துணி, பைகள் இரண்டு. போர்க்களத்தில் இது காலை வாரிவிட்டது. குளிரைத் தாங்கவில்லை, சீக்கிரம் நைந்தது, துவைக்கத் துவைக்க வெளிறிய நிறம் தூரத்திலேயே ஆளைக் காட்டிக்கொடுத்தது.

மாற்று தேடும் வேலை ராணுவ வழங்கல் துறைக்கு வந்தது. அங்கே திட்டப் பிரிவை நடத்தியவர் ஜார்ஜ் டோரியோ, ஹார்வர்டு வணிகக் கல்லூரிப் பேராசிரியர். அந்தத் துறை கையில் எடுத்தது அடுக்கு முறை. உடல் சூட்டைக் காப்பதில் துணியின் கனத்தைவிட, அடுக்குகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுக்கே பெரும்பங்கு. வாடைக்காற்று உள்ளே புகுந்து அதைக் கலைத்துவிட்டால் தடித்த கம்பளியும் கைகொடுக்காது. ஆகவே உள்ளே கம்பளிச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், கடுங்குளிருக்கு இன்னொரு உள்ஜாக்கெட். எல்லாவற்றையும் மூடிக் காற்றைத் தடுக்க, நெருக்கமாக நெய்த பருத்தி ஜாக்கெட். வெயில் ஏறினால் உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம்.

அந்த வெளி ஜாக்கெட்தான் எம்-1943. அடர்ந்த ஆலிவ் பச்சை நிறம். இடுப்புக்குக் கீழ்வரை நீளம். பெரிய பைகள் நான்கு. பொத்தான்கள் எதிலும் மாட்டிக்கொள்ளாதபடி துணிமடிப்புக்குள் மறைந்திருக்கும். இடுப்பின் உட்புறம் ஓடும் நாடாவை இழுத்துக் கட்டினால் கீழிருந்து காற்று ஏறாது. 1944-இல் இத்தாலியின் அன்சியோவில், சேற்றிலும் மழையிலும் கிடந்த 3-ஆவது காலாட்படை டிவிஷன் இதை உடுத்திப் பார்த்துத் தேறியது என்றது.

ஆனால் ஐரோப்பியக் களத் தலைமை தயங்கியது. பிரிட்டிஷ் பாணிக் கம்பளிக் குட்டை ஜாக்கெட்டின் மேல்தான் அதற்கு நாட்டம். தளபதி ஐசனோவரின் பெயரால் ‘ஐக் ஜாக்கெட்’ ஆனது அதுவே. அந்த இலையுதிர்காலத்தில் படை வேகமாக முன்னேற, லாரிகளில் பெட்ரோலும் குண்டுகளும் முதலிடம் பிடித்தன, குளிருடை பின்தங்கியது. சரியான பூட்ஸும் போதவில்லை. அந்தக் குளிர்காலத்தில் கால் அழுகல் உள்ளிட்ட குளிர்ப் பாதிப்புகளால் மருத்துவமனை சேர்ந்த அமெரிக்க வீரர்கள் 40,000-க்கும் மேல்.

பின்னாளில் எம்-1951-இல் ஜிப் வந்தது. எம்-65-இல் காலருக்குள் சுருட்டிவைக்கும் தலைமூடி வந்தது. நான்கு பைகளும் இடுப்பு நாடாவும் அப்படியே தொடர்ந்தன. பதுங்குகுழியில் கிடப்பவனின் உடம்பை அளவுகோலாகக் கொண்டதால்தான் அந்த வடிவம் நிலைத்தது. அதை முதல் பனிக்கு முன்பே அவன் கையில் சேர்த்திருந்தால், பல்லாயிரம் பேரின் வேதனை குறைந்திருக்கும்.