ஜெராக்ஸ் கடை ஹார்ட் டிஸ்க்கில் நம் ஆதார்

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டது. ஆதார் நகலைக் கேட்ட இடத்திலெல்லாம் கொடுக்க வேண்டாம், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள் என்றது. பிரவுசிங் சென்டர் போன்ற பொதுக் கணினியில் இ-ஆதாரை இறக்கக் கூடாது, இறக்கினால் எல்லா நகல்களையும் நிரந்தரமாக அழித்துவிட வேண்டும் என்றும் அதில் இருந்தது. இரண்டே நாளில், தவறாகப் பொருள்கொள்ள இடமிருக்கிறது என்று சொல்லி மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அந்தக் குறிப்பைத் திரும்பப் பெற்றது. நகல் கொடுக்கலாமா கூடாதா என்ற பரபரப்போடு பேச்சு அடங்கிவிட்டது. நிரந்தரமாக அழிப்பது எப்படி, அதை யார் செய்வது என்ற கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

அந்தப் பதில் டெல்டாவின் கடற்கரை ஊரான அதிராம்பட்டினத்துக்கு மிகவும் தேவை. வளைகுடாவுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் ஆள் போய்வரும் ஊர் இது. பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், விசா நகல், மருத்துவப் பரிசோதனை அறிக்கை, கல்விச் சான்றிதழ், திருமணப் பதிவு என்று ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு கட்டுத் தாள் ஸ்கேன் ஆகிறது. ஊரைத் தாண்டி உள்ளே போனால் நெல் வயல். அங்கே சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்யச் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் வேண்டும். கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போடவும் இணையத்தில் பதிய வேண்டும். சொந்தக் கணினி இல்லாதவர்கள் இதையெல்லாம் இ-சேவை மையத்திலோ, கடைத்தெரு ஜெராக்ஸ் கடையிலோதான் செய்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கடைக்காரர் கணினியில் இறக்கி அச்சடித்துத் தருகிறார். ஆக, டெல்டாவில் ஒரு சராசரிக் குடும்பத்தின் மிக முக்கியமான தாள்கள் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமில்லாத ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றன. தகவலை அழிப்பது பற்றிப் பொதுவாக வரும் அறிவுரைகள் வீட்டுக் கணினியை விற்பவருக்காக எழுதப்பட்டவை. முதலில் கவனிக்க வேண்டியது கடையில் இருக்கும் டிஸ்க் என்பது என் கருத்து. அதைத் துடைப்பது நாம் நினைப்பதைவிட எளிது என்பதால், செய்யாமல் இருப்பதற்குச் சாக்கும் இல்லை.

ஹார்ட் டிஸ்க்கில் தகவல் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். உள்ளே சுழலும் தட்டுகளின் மேல் மெல்லிய காந்தப் பூச்சு இருக்கிறது. சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்து செல்லும் எழுதுமுனை, அந்தப் பூச்சின் நுண்ணிய பகுதிகளை ஒரு திசையிலோ மறு திசையிலோ காந்தமாக்குகிறது. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்பதற்குத் தனியே ஒரு பதிவேடு உண்டு. ஃபைலை அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால், ‘இந்த இடம் காலி’ என்ற குறிப்பு மட்டும்தான் பதிவேட்டில் ஏறுகிறது. காந்தப் பூச்சை யாரும் தொடுவதில்லை. சிட்டாவில் ஒரு பெயரை நீக்கினால் வயலும் அதில் நிற்கும் நெல்லும் இருந்த இடத்திலேயே இருப்பதைப் போலத்தான் இது. புது ஃபைல் ஒன்று தற்செயலாக அதே இடத்தில் எழுதப்படும் வரை பழைய பாஸ்போர்ட் அங்கேயே இருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருள் பதிவேட்டைப் பார்க்காமல் தட்டை நேராகப் படித்து அதை எடுத்துவிடும். ‘குவிக் ஃபார்மட்’ செய்வதும் பதிவேட்டைப் புதிதாக்குவதோடு நின்றுவிடுகிறது. பெரும்பாலான டிஸ்க்குகள் கைமாறும்போது இதற்கு மேல் எதுவும் செய்யப்படுவதில்லை.

இது ஏட்டளவில் மட்டும் இருக்கும் அபாயம் அல்ல. அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் 2000 முதல் 2002 வரை பழைய பொருள் சந்தையில் 158 ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்தார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் மருத்துவக் குறிப்புகளும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்களும் கிடைத்தன. ஒரு டிஸ்க் ஏடிஎம் இயந்திரத்தில் இருந்து வந்தது. இருபது ஆண்டு கழித்தும் நிலைமை பெரிதாகத் திருந்தவில்லை. மார்கன் ஸ்டான்லி என்ற பெரிய நிதி நிறுவனம் தன் பழைய டிஸ்க்குகளை அப்புறப்படுத்தும் வேலையை, தகவல் அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு சாமான் ஏற்றியிறக்கும் நிறுவனத்திடம் கொடுத்தது. அவற்றில் சில துடைக்கப்படாமலே இணைய ஏலத்துக்குப் போய்விட்டன. சுமார் ஒன்றரைக் கோடி வாடிக்கையாளர்களின் தகவலைக் காக்கத் தவறியதற்காக 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் விதித்த தொகை 3.5 கோடி டாலர். அத்தனை பணமும் ஆள்பலமும் உள்ள நிறுவனமே கோட்டைவிட்டது என்றால், காயலான் கடைக்கு எடைபோட்டு விற்கப்படும் ஒரு பிரவுசிங் சென்டர் கணினியை யார் துடைத்திருப்பார்கள்?

துடைப்பது என்றால் பழைய தகவலின் மேல் வேறொன்றை எழுதிவிடுவது. அப்படியானால் எத்தனை முறை துடைக்க வேண்டும்? இந்த இடத்தில்தான் ஒரு பழைய பயம் வேலையைக் கெடுக்கிறது. 1996இல் நியூசிலாந்து ஆய்வாளர் பீட்டர் கட்மேன், மேலெழுதிய பிறகும் பழைய காந்தத் தடயம் ஓரளவு எஞ்சலாம் என்று காட்டி, 35 முறை மேலெழுதும் வரிசை ஒன்றைத் தந்தார். அவர் கணக்கில் எடுத்தது அன்றிருந்த பல்வேறு பழைய பதிவு முறைகளை. எல்லா டிஸ்க்குக்கும் 35 முறை தேவை என்று அவர் சொல்லவில்லை. அது வீண் என்று பின்னால் அவரே விளக்கம் எழுதினார். ஆனாலும் அந்த எண் ஒரு சடங்காகவே நிலைத்துவிட்டது. 2008 டிசம்பரில் ஹைதராபாத்தில் நடந்த தகவல் பாதுகாப்பு மாநாட்டில் கிரெய்க் ரைட், டேவ் கிளெய்மன், ஷ்யாம் சுந்தர் ஆகியோர் இதைச் சோதித்த கட்டுரையை அளித்தார்கள். ஒரு முறை மேலெழுதிய டிஸ்க்கை நுண்ணோக்கியால் ஆராய்ந்தால், பயன்பாட்டில் இருந்த டிஸ்க்கில் ஒரு பிட்டைச் சரியாகச் சொல்லும் வாய்ப்பு வெறும் ஊகத்தைவிடச் சற்றே கூடுதல். எட்டு பிட் சேர்ந்த ஒரே ஓர் எழுத்தை மீட்கும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. ஆதார் எண்ணுக்கே 12 இலக்கம் வேண்டும். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: இன்றைய ஹார்ட் டிஸ்க்கை முழுவதுமாக ஒரு முறை மேலெழுதினால், ஆய்வகக் கருவிகளைக்கொண்டும் மீட்பது கடினம். 1 டெராபைட் டிஸ்க்குக்கு இந்த ஒரு முறை ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிடிக்கும். 35 முறை என்றால் நாலைந்து நாள். முடியாத ஒன்றைக் கேட்டால் மனிதர்கள் எதையும் செய்யாமல் விட்டுவிடுவார்கள். கட்மேன் எண்ணால் விளைந்த கெடுதல் அதுதான்.

‘எதற்கு இந்தத் தொல்லை, சுத்தியலால் உடைத்துவிடலாமே’ என்பார்கள். உடைப்பது பலன் தரலாம், ஆனால் பாதி வேலையோடு நிற்கும் ஆபத்து அதற்கு உண்டு. லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி என்பதால் நொறுங்கும். மேசைக் கணினியின் அலுமினியத் தட்டு வளைய மட்டும் செய்யும். மேல் மூடி நசுங்கியதைப் பார்த்துத் திருப்தியடைவது தவறு. ஸ்பீக்கர் காந்தத்தை மேலே தேய்ப்பதாலும் பயனில்லை. டிஸ்க்கின் உள்ளேயே, தட்டுக்குப் பக்கத்தில், வலுவான நியோடிமியம் காந்தம் இருக்கிறது. எனக்கு உடைப்பதில் இன்னொரு வருத்தமும் உண்டு. 2011இல் தமிழக அரசு இலவச லேப்டாப் வழங்கத் தொடங்கிய பிறகு இந்தப் பகுதியின் பல வீடுகளுக்குள் முதல் கணினி வந்தது. அது அண்ணனிடமிருந்து தங்கைக்கும், பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் போவது நல்ல பழக்கம். துடைத்த டிஸ்க் இன்னொருவருக்குப் படிக்கப் பயன்படும். உடைத்த டிஸ்க் மின்கழிவு.

சுழலவே மறுக்கும் டிஸ்க்கின் கதை வேறு. உப்பளக் காற்றில் கணினிகள் சீக்கிரம் துருவேறும் கடற்கரை இது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் அடித்தபோது நனைந்து வீணான மின்பொருள்களுக்கும் குறைவில்லை. செத்த டிஸ்க்கில் என்ன இருக்கப்போகிறது என்று அதை அப்படியே பழைய இரும்புக்குப் போடுகிறோம். செத்தது மோட்டாரும் மின்சுற்றும்தான். காந்தப் பூச்சு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். 2003இல் கல்பனா சாவ்லாவோடு கொலம்பியா விண்கலம் சிதறியபோது, அதிலிருந்த 400 மெகாபைட் டிஸ்க் ஒன்று கருகிய நிலையில் டெக்சாஸில் விழுந்து கிடந்தது. அதிலிருந்து 99 சதவீதத் தகவலை மீட்டார்கள். அதில் பதிவாகியிருந்த செனான் வாயு ஆய்வின் முடிவு 2008இல் ஆய்விதழில் வெளிவந்தது. மேலெழுத முடியாத இப்படிப்பட்ட டிஸ்க்கை மட்டும் உடைக்கத்தான் வேண்டும். மூடியைத் திறந்து ஒவ்வொரு தட்டையும் துளையிட்டோ நொறுக்கியோ விட்டு, பிறகு பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுக்கலாம்.

எஸ்எஸ்டி, பென் டிரைவ், மெமரி கார்டு ஆகியவற்றுக்கு ‘ஒரு முறை மேலெழுதினால் போதும்’ என்ற விதி அப்படியே பொருந்தாது. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இவற்றில் ஒரே செல்லில் திரும்பத் திரும்ப எழுதினால் அது தேய்ந்துவிடும் என்பதால், உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் எழுதும். பழையது கண்ணுக்குத் தெரியாத மூலையில் தங்கலாம். 2011இல் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் வெய் குழு இதைச் சோதித்தபோது, தனி ஃபைலை மேலெழுதும் முறைகள் எல்லாமே தோற்றன. சில தயாரிப்புகளில் நிறுவனமே தந்திருந்த அழிப்புக் கட்டளையும் சரியாக வேலை செய்யவில்லை. இதற்கு நல்ல வழி முதலிலிருந்தே குறியாக்கம் செய்து வைப்பது. அப்போது சாவியை அழித்தால் மிஞ்சுவது படிக்க முடியாத குப்பை. ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்போடு விற்பனைக்கு வந்த போன்களில் இந்தக் குறியாக்கம் கட்டாயம் என்பதால், ஃபேக்டரி ரீசெட் அவற்றில் நம்பத்தக்கது.

‘எங்கள் ஊர் டிஸ்க்கை யார் தோண்டப்போகிறார்கள்’ என்பது கடைசி மறுப்பு. தோண்டுவதற்குத் திறமைசாலி தேவையில்லை என்பதே அதற்குப் பதில். இலவச மென்பொருளும் ஒரு மாலைப் பொழுதும் போதும். தெரியாத எவரோ நம் பெயரில் சிம் வாங்குவதற்கும் கடன் எடுப்பதற்கும் வேண்டிய எல்லாத் தாளும் ஒரே ஃபோல்டரில் வரிசையாக இருக்கும். இ-ஆதாருக்குத்தான் பாஸ்வேர்ட் இருக்கிறதே என்றால், அது பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும். பக்கத்திலேயே கிடக்கும் பாஸ்போர்ட் நகலில் இரண்டும் உண்டு.

சட்டமும் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. 2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாங்கிய நோக்கம் முடிந்ததும் தகவலை அழிக்கச் சொல்கிறது. பாதுகாப்பில் தவறினால் தண்டத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். வீட்டுத் தேவைக்காக ஒருவர் வைத்திருக்கும் தகவலுக்கு இது பொருந்தாது. தொழிலுக்காக வைத்திருப்பவருக்குப் பொருந்தும். 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன, முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. ஆனால் தண்டத்தைக் காட்டிச் சின்னக் கடைக்காரரை மிரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஊருக்கு அவர் செய்வது பெரிய சேவை. அவருக்கு வேண்டியது கற்றுத் தருபவர்.

கற்க வேண்டியதும் அதிகமில்லை. அன்றாடம் கடை மூடும்போது வாடிக்கையாளர் ஃபைல்களை அழித்துவிட்டு, விண்டோஸிலேயே இருக்கும் ‘சைஃபர்’ கட்டளையை இரவில் ஓடவிட்டால் ஹார்ட் டிஸ்க்கின் காலியிடம் மேலெழுதப்படும். கணினியை விற்பதற்கு முன், வேண்டியவற்றை வேறு இடத்தில் சேமித்துக்கொண்டு, ‘ஷ்ரெட்ஓஎஸ்’ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி முழு டிஸ்க்கையும் ஒரு முறை துடைக்கலாம். நடுவில் கரண்ட் போனால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால் யுபிஎஸ் அவசியம். ஊரிலேயே காதிர் முகைதீன் கல்லூரி இருக்கிறது. அதன் மாணவர்கள் ஒரு சனிக்கிழமை கடைத்தெருவில் இறங்கி ஒவ்வொரு கடைக்கும் இதைச் செய்து காட்டலாம். வணிகர்கள் அவர்களை அழைக்க வேண்டும். நாமும் அடுத்த முறை ஸ்கேன் முடிந்து காசு கொடுக்கும்போது, நம் ஃபைலை நம் கண்ணெதிரே அழிக்கச் சொல்வோம், கணினியை விற்பதற்கு முன் டிஸ்க்கைத் துடைத்துவிடும்படியும் கேட்டுக்கொள்வோம்.