லாரி வீடாகுமா?

உறையூரிலிருந்து காவிரியை வலப்பக்கம் வைத்துக்கொண்டு மேற்கே போனால், குளித்தலை தாண்டியதும் கரூர். ஊரைச் சுற்றிப் பஸ் பாடி கட்டும் பட்டறைகள். சற்று வடக்கே நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறார்கள். இப்படி இரண்டு ஊர்கள் பக்கத்தில் இருக்கும்போது, ஓடி ஓய்ந்த லாரி ஒன்றை வாங்கிக் கட்டிலும் அடுப்பும் வைத்துக் குடும்பத்தோடு காசி வரை போய்வரலாமே என்ற ஆசை திருச்சிக்காரர்களுக்கு வருவது இயல்பு. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வரும் வெளியூர் யாத்திரைக் கூட்டம் பஸ்ஸை ஓரங்கட்டி அங்கேயே சமைத்துச் சாப்பிடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை இன்னும் கூடும்.

பட்டறைக்காரர்கள் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடிப்பது ஆர்.சி. புத்தகத்தில்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி. விவரங்களுக்கும் முரண்பாடு வரும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. எரிபொருள் மாற்றம், அனுமதி பெற்ற உபகரணங்களைப் பொருத்துதல், மாற்றுத்திறனாளிகளின் தேவைக்கான மாற்றம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை மேலும் இறுக்கியது. பெயின்ட் நிறத்தை மாற்றலாம், சில்லறைப் பொருத்தங்கள் செய்யலாம். வண்டியின் கட்டமைப்பில் கைவைக்கக்கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சொல்லிவிட்டது.

ஆகவே சரக்கு லாரி என்று ஆர்.சி. உள்ள பழைய வண்டியை நம் விருப்பப்படி வெட்டி, ஜன்னல் வைத்து, பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் போய் 'கேரவன் என்று எழுதிக் கொடுங்கள்' என்று கேட்க முடியாது. பிரிட்டனில் பழைய வேனை வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொண்டு, உள்ளும் புறமும் போட்டோ எடுத்து ஸ்வான்சியில் இருக்கும் வாகனப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பி, வண்டியின் வகையை மாற்றித் தரும்படி கேட்கலாம். அங்கே வண்டியைக் கட்டிய பிறகு விண்ணப்பம். இங்கே கட்டுவதற்கு முன்பே சான்று. யூடியூபில் வெள்ளைக்காரர் ஒருவர் லாரியைப் பிரித்து மேய்வதைப் பார்த்து இங்கே சுத்தியலை எடுப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

கேரவன் என்றதும் சினிமாப் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். சட்டம் பார்ப்பது சொகுசை அல்ல. 'மோட்டார் கேரவன்' என்று பதிவாக வேண்டுமென்றால் நான்கு வசதிகள் வேண்டும்: உட்கார இருக்கையும் மேசையும், படுக்க இடம் (இருக்கையே படுக்கையாக விரிந்தாலும் போதும்), சமையல் வசதி, சாமான் வைக்க அலமாரி. இவை வண்டியோடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். மேசையை மட்டும் கழற்றி வைக்கும்படி செய்யலாம். மெத்தையை விரித்து, கேஸ் அடுப்பை மூலையில் வைத்துவிட்டால் அது கேரவன் ஆகாது. இதற்கான தரக் குறியீடு ஏ.ஐ.எஸ். 124. முதல் மாதிரி வண்டி சென்னையை அடுத்த ஒரகடத்திலோ புனேயிலோ உள்ள அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் தேற வேண்டும்.

அடுப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையத்தருகே நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், யாத்ரீகர்கள் விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழும்பிப் போகாமல் தரையோடு தேங்கும். ஜன்னல் திறந்திருந்தால் போதும் என்று நினைப்பது தவறு. அது வெளியேறத் தரைமட்டத்தில் வழி வேண்டும், சிலிண்டருக்கும் வெளிப்பக்கம் திறக்கும் தனி அறை வேண்டும். தண்ணீர் இன்னொரு கணக்கு. 200 லிட்டர் தொட்டி நிரம்பினால் 200 கிலோ. அதை ஒரு பக்கமாக வைத்தால் வளைவில் வண்டி சாயும். பின்னால் தள்ளி வைத்தால் பின் அச்சின் சுமை கூடும். எடைமேடையில் ஏற்றினால் எல்லாம் தெரிந்துவிடும்.

சரி, நேர்வழி எது? புது சேசிஸ் வாங்கி, அதற்கேற்ற கேரவன் பாடிக்குச் சான்று பெற்ற நிறுவனத்தில் கொடுத்துக் கட்டுவது. படிவம் 22-ஏ இரண்டு பகுதி கொண்டது: முதல் பகுதியில் சேசிஸ் தயாரிப்பாளர் கையெழுத்து, இரண்டாம் பகுதியில் பாடி கட்டியவர் கையெழுத்து. விண்ணப்பத்துக்குப் படிவம் 20. அதில் சேசிஸ் நம்பரின் பென்சில் பிரின்ட் வேண்டும்: இரும்பில் பொறித்த எண்ணின் மேல் காகிதத்தை அழுத்தி வைத்துப் பென்சிலால் தேய்ப்பார்கள்; எழுத்துகள் வெள்ளையாகத் தெரியும். பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர், நம் ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர், வண்டியையும் தாளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். திருச்சி மேற்கு என்றால் டிஎன் 45, ஸ்ரீரங்கம் என்றால் டிஎன் 48 கிடைக்கும்.

2004 நவம்பர் 5-ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட வாகன வகைப் பட்டியலில், சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் போக்குவரத்து அல்லாத வாகனம். அதாவது ஓன் போர்டு, வெள்ளை நம்பர் பிளேட்; பதிவு 15 ஆண்டு செல்லும். வாடகைக்கு விட்டால் டி போர்டு: மஞ்சள் பிளேட், எஃப்.சி., பர்மிட் எல்லாம் சேரும். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் கார் ஓட்டும் இலகுரக வாகன லைசென்ஸே போதும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் பாடி கட்டுபவரிடம் இரண்டு தாள்களைக் கேளுங்கள்: உங்கள் சேசிஸ் மாடலுக்கான கேரவன் சோதனைச் சான்றின் நகல், 22-ஏ தருவதாக எழுத்தில் ஓர் உறுதி. 'அதெல்லாம் ஆர்.டி.ஓ. ஆபீசில் பார்த்துக்கலாம்' என்று பதில் வந்தால் பணத்தைக் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். தாளுக்கும் வண்டிக்கும் பொருந்தவில்லை என்றால், விபத்து நேரும் நாளில் இன்சூரன்ஸ் கிடைப்பதும் சந்தேகம்.