பஞ்சம் எழுதவைத்த நூல்

மாத்தளை நகரிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் போனால், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் பெரும் பாறைகளும் அவற்றின் இடுக்குகளில் அமைந்த குகைகளும் தெரியும். அதுதான் அலுவிகாரை. அதுவரை மனிதரின் நாவிலும் நினைவிலும் மட்டுமே வாழ்ந்துவந்த பாளித் திரிபிடகம், கி.மு. முதல் நூற்றாண்டில் இந்தக் குகைகளில்தான் முதன்முதலாக ஓலையில் ஏறியது என்பது இலங்கைப் பௌத்த மரபு. வட்டகாமணி அபய மன்னன் காலத்தில் பிக்குகள் அதை எழுதிவைத்தார்கள் என்று மகாவம்சம் சொல்கிறது. மாத்தளையைக் குறிப்பிட்டுச் சொல்பவை பிற்கால நூல்கள். இடம் எதுவானாலும், பின்னாளில் பர்மா, சயாம், கம்போடியா வரை பரவிய ஒரு சமயத்தின் முழு நூல்தொகுதியும் அந்தத் தலைமுறையில் நினைவிலிருந்து எழுத்துக்கு மாறியது.

அந்தத் தொகுதியின் அளவை முதலில் பார்த்துவிடலாம். 1954இல் ரங்கூனில் மிங்குன் சயாதோ என்ற பர்மியத் துறவி திரிபிடகத்தை மனப்பாடமாக ஒப்புவித்தார். அச்சில் அது 16,000 பக்கம். நாளுக்கு 20 பக்கம் என்று நாம் வெறுமனே வாசித்தாலும் முடிக்க இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். ஒரு மனித மூளையால் இதைத் தாங்க முடியும் என்பதே பெரிய வியப்பு. ஆனால் பழைய பிக்குகள் ஒற்றை மூளையை நம்பியிருக்கவில்லை.

அவர்கள் நூலைப் பங்கிட்டுக்கொண்டார்கள். நெடிய உரைகளை ஒரு குழு ஓதியது. நடுத்தர உரைகளை இன்னொரு குழு. பொருள்வாரியாகத் தொகுத்தவற்றை வேறொரு குழு. இந்த ஓதுவோருக்குப் பாணகர் என்று பெயர். ஒவ்வொரு பகுதியும் ஒரே நேரத்தில் பலருடைய நினைவில் இருந்தது. பலர் கூடி ஓதும்போது ஒருவர் ஒரு சொல்லைத் தவறவிட்டால் பக்கத்தில் இருப்பவரின் குரல் அந்த இடத்திலேயே அவரைத் திருத்திவிடும். இன்றைய கணினியியலில் இதற்கு ‘பிழைதிருத்தம்’ என்று பெயர்: ஒரே தகவலைப் பல இடங்களில் வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சேதத்தைச் சரிசெய்யும் உத்தி.

இந்த உத்தி நூலின் நடைக்குள்ளேயும் ஒளிந்திருக்கிறது. பாளி உரைகளைப் படிப்பவருக்கு, ஒரே வாக்கியம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று சலிப்புத் தட்டலாம். அந்தத் திரும்பல்தான் நினைவின் கைப்பிடி. ஒத்த பொருளுடைய சொற்களை அடுக்கும்போது பெரும்பாலும் அசை குறைந்தது முன்னேயும் அசை கூடியது பின்னேயும் வரும். வரிசை மாறினால் ஓசையே காட்டிக்கொடுத்துவிடும். அங்குத்தர நிகாயம் என்ற தொகுதி, ஒன்றைப் பற்றிய உரைகள், இரண்டைப் பற்றிய உரைகள் என்று 11 வரை எண்ணிக்கைப்படியே ஏறிச்செல்கிறது. பெரும்பாலும் பத்து உரைகளுக்கு ஒருமுறை ‘உத்தானம்’ என்ற சிறு செய்யுள் வரும். முடிந்த உரைகளின் குறிச்சொற்களை அது கோத்துக் கொடுக்கும். ஓர் உரை விடுபட்டிருந்தால் கணக்கு உதைக்கும்.

இத்தனை நுட்பமான ஏற்பாட்டுக்கு ஒரே ஒரு பலவீனம்தான். ஓத உயிருள்ள வாய் வேண்டும்.

கி.மு. 103 அளவில் மூன்று இடிகள் சேர்ந்து இறங்கின. தெற்கே உரோகணத்தில் திஸ்ஸன் என்ற பிராமணன் கிளர்ந்தான். மாதோட்டத்தில் தமிழ்ப் படை இறங்கி அநுராதபுரத்தைப் பிடித்தது. புலகத்தன் முதல் தாதிகன் வரை ஐந்து தமிழ் மன்னர் அடுத்தடுத்து 14 ஆண்டுக்கு மேல் ஆண்டார்கள். வட்டகாமணி காட்டில் மறைந்து வாழ்ந்தான். மூன்றாவது இடி கடும் பஞ்சம். பிக்குகள் பலர் கடல் கடந்து இந்தியாவுக்குப் போனார்கள். மலைநாட்டில் தங்கிவிட்ட அறுபது பேர் கிழங்கும் இலையும் தின்று உயிர் பிடித்திருந்தார்கள் என்கிறது பாளி உரைநூல். உட்காரத் தெம்பிருந்தவரை உட்கார்ந்து ஓதினார்கள். அது போன பிறகு மணலைக் குவித்து, தலைகள் ஒரே இடத்தில் கூடும்படி படுத்துக்கொண்டு ஓதினார்கள். பஞ்சம் தீர்ந்து, போனவர்கள் திரும்பி வந்தபோது இரு தரப்பும் தத்தம் நினைவை ஒப்பிட்டுப் பார்த்தன. ஓர் எழுத்துக்கூட வேறுபடவில்லை என்று அந்த உரைநூல் பெருமையோடு சொல்கிறது.

ஆனால் மகாநித்தேசம் என்ற நூலுக்கு வந்த ஆபத்தை அதே உரைமரபு மறைக்கவில்லை. ஒரு கட்டத்தில் அதை முழுதாக அறிந்தவர் ஒரே ஒரு பிக்கு. அவருடைய ஒழுக்கமோ கேள்விக்குரியது. அவரிடம் போய்ப் பாடம் கேட்க மற்றவர்கள் கூசினார்கள். நூல் அழிந்துவிடுமே என்ற அச்சத்தில்தான் இறுதியில் கற்றார்கள். பஞ்சத்தின் பின் பிக்குகள் எழுத்தாணியை எடுத்ததன் காரணத்தை இந்தச் சிறு சம்பவத்தைவிடத் தெளிவாக வேறெதுவும் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். அரியணையை மீட்ட வட்டகாமணி அபயகிரி விகாரையைக் கட்டியதும், அதற்கும் பழைய மகாவிகாரைக்கும் பூசல் மூண்டதும், எது சரியான பாடம் என்று உறுதிசெய்யும் தேவையைக் கூட்டியிருக்கும். குர்ஆனின் வரலாற்றிலும் இதே அச்சம் உண்டு: யமாமாப் போரில் மனனம் செய்தோர் பலர் மாண்ட பின்னரே கலீபா அபூபக்கர் அதைத் தொகுக்கச் செய்தார் என்கிறது இஸ்லாமிய மரபு.

சரி, ஓலையில் எழுத்து எப்படி நிற்கிறது? இலங்கை விகாரைகளின் ஏடுகள் பெரும்பாலும் தாளிப்பனையின் ஓலையால் ஆனவை. பல பத்தாண்டுகள் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூத்து, காய்த்ததும் மடியும் மரம் அது. விரியாத குருத்தை வெட்டி, ஈர்க்கு நீக்கி, வேகவைத்து, வெயிலிலும் பனியிலும் உலர்த்தி, வழவழப்பான கமுக மரத்துண்டில் முன்னும் பின்னும் இழுத்து மெருகேற்றுவார்கள். ஓலையின் மேற்றோல் மெழுகு பூசியது. மை அதில் ஒட்டாது. ஆகவே எழுதுபவர் மையைத் தொடுவதே இல்லை. கூரிய எழுத்தாணியால் மெழுகுத் தோலைக் கீறி, உள்ளிருக்கும் நாரைத் திறந்துவிடுகிறார். கீறும்போது எழுத்து கண்ணுக்குத் தெரிவது அரிது. பிறகு கரித்தூளைப் பிசின் எண்ணெயில் குழைத்துத் தடவி, மாவோ தவிடோ கொண்டு துடைத்தால், மெழுகின் மேலிருந்த கரி போய்விடும். கீறலுக்குள் புகுந்தது தங்கிவிடும். அதுவரை மறைந்திருந்த வரிகள் கறுத்துத் தெரியும்.

ஓலையின் நரம்புகள் நீளவாக்கில் ஓடுகின்றன. அவற்றோடு சேர்த்து நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியக்கூடும். சிங்களமும் மலையாளமும் ஒடியாவும் உருண்டு திரண்ட எழுத்துகளாக ஆனதற்குப் பலரும் சொல்லும் விளக்கம் இது. நம் ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாமல் போனதற்கும், குத்தினால் ஓலை பொத்துவிடும் என்பதையே காரணமாகச் சொல்வார்கள்.

இந்தப் பக்குவமெல்லாம் செய்தும், வெப்பமும் ஈரமும் பூச்சியும் மிகுந்த நம் நிலத்தில் ஏடு சில நூற்றாண்டுகளே தாங்கும். அலுவிகாரையில் அன்று எழுதப்பட்ட ஓர் ஓலைகூட இன்று இல்லை. உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய பாளி ஏடு காத்மாண்டுவில் இருக்கிறது: நான்கே ஓலைகள், கி.பி. 8 அல்லது 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நூலைக் காப்பாற்றியது ஓலையின் ஆயுள் அல்ல. மக்குவதற்குள் படியெடுத்த கைகள்தாம். 5ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிக்குகளின் ஒழுக்கவிதிகளைக் கூறும் விநய நூல்களைத் தேடிவந்த சீனப் பயணி பாகியான், வட இந்தியாவில் அவை வாய்மொழியாகவே வழங்குவதைக் கண்டார். பின்னர் இலங்கைக்கு வந்து இரண்டு ஆண்டு தங்கி, எழுதிய பிரதிகளைக் கொண்டுபோனார். சோழநாட்டு உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர் பாளியில் உரைநூல்கள் எழுதியதும் இந்த ஏட்டு மரபில்தான்.

படி பல இருப்பதன் வலிமை 1848இல் தெரிந்தது. மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயப் படை அடக்கியபோது அலுவிகாரையின் ஏடுகள் அழிந்தன. ஆயினும் திரிபிடகம் அழியவில்லை. வேறு விகாரைகளிலும் வேறு நாடுகளிலும் அது இருந்தது. அலுவிகாரையில் அதை மீண்டும் ஓலையில் எழுதும் பணி 1980களின் தொடக்கத்தில் நிறைவேறியது. அதே காலத்தில், 1981இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களோடு, வேறெங்கும் படியில்லாத தமிழ் ஏடுகளும் சாம்பலாயின. அவற்றை எந்த விகாரையிலிருந்தும் திரும்ப எழுத முடியாது.

வீட்டுப் பரணில், பழைய வைத்தியரின் பெட்டியில், கோயில் அலுமாரியில் இன்னும் ஏடுகள் கிடக்கின்றன. உங்களிடம் இருந்தால், அவற்றை நீங்களே வெயிலில் வைக்கவோ எண்ணெய் பூசவோ வேண்டாம். பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்துக்கோ, ஓலைச்சுவடிகளை மின்வடிவாக்கிவரும் நூலகம் நிறுவனத்துக்கோ சொல்லி, படமெடுக்க இடம் கொடுங்கள். ஏடு உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். படி இன்னோரிடத்தில் இருக்க வேண்டும்.