கவசமும் கவிழ்ப்பும்

கவசம் பூண்ட பகைவனைக் குத்தினால் குத்தியவன் கைதான் நோகும். ஜூடோவில் குத்தும் உதையும் ஒதுங்கி நிற்க, பற்றிச் சாய்ப்பது முதலிடம் பெற்றது ஏன் என்று ஆராய்வோர் இந்த எளிய உண்மையிலிருந்தே தொடங்க வேண்டும்.

15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஜப்பானியக் குறுநிலத் தலைவர்கள் ஓயாது பொருதுகொண்டிருந்தனர். இரும்புத் தகடும் பதப்படுத்திய தோலும் பட்டு நாடாவால் கோத்த சாமுராய்க் கவசம் ஏறத்தாழ 20 முதல் 30 கிலோ எடை கொண்டது. வில்லும் வேலும் வாளுமே அவ்வீரரின் முதன்மைப் படைக்கலங்கள். வேல் முறிந்து, வாள் வீசவும் இடமின்றி இருவர் நெருங்கிவிட்டபோதுதான் கைகலப்பு. பகைவனைத் தரையில் கவிழ்த்து, அமுக்கி, கவசம் மறைக்காத இடுக்கில் குறுவாளைச் செருகுவதே அங்கு நோக்கம். இதற்குக் குமிஉச்சி என்று பெயர். 1532இல் தோன்றியதாக மரபு கூறும் தாக்கெனோஉச்சிப் பள்ளி இக்கலையின் பழைய கிளைகளுள் ஒன்று.

கவசம் உடலைக் காத்தது, நிலைப்பைக் காக்கவில்லை. நிமிர்ந்து நிற்பவரின் நிறைநடுவம் தொப்புளை ஒட்டி, உயரத்தின் ஏறத்தாழ 55 விழுக்காட்டில் இருக்கும். அங்கிருந்து நேர்கீழாக இழுக்கும் கோடு, பாதங்களும் அவற்றின் இடைவெளியும் சேர்ந்த தாங்குதளத்துக்குள் விழும்வரை அவர் நிற்பார். வெளியே போய்விட்டால், காலை எடுத்துவைத்துத் தளத்தை மாற்றினாலன்றி விழுவார். பாதங்களை இணையாக வைத்து நிற்பவருக்கு முன்பின்னாக உள்ள இடமோ ஒரு சாணுக்குச் சற்றே மிகுதி. தலைச்சீராவும் தோள்தகடும் மார்புத்தகடும் ஏறியபின் நிறைநடுவம் மேலே நகர்கிறது. நிறை கூடியதால் சாயத் தொடங்கிய உடலை மீட்பதும் கடினமாகிறது. காப்பதற்கென்று பூண்ட எடையே கவிழ்ப்பவனுக்குத் துணையாகிவிடும்.

இதைக் கண்ணால் காண விரும்புவோர் கோஷிக்கி நோ காத்தா என்னும் அசைவுத் தொகுப்பைப் பார்க்கலாம். கீட்டோப் பள்ளியிலிருந்து ஜூடோவுக்கு வந்தது அது, 21 அசைவுகள். நிகழ்த்துவோர் பயிற்சி உடையில்தான் வருகின்றனர். ஆயினும் கவசம் சுமப்பவரைப்போல் கால் பரப்பி, மெல்ல, கனத்து நடக்கின்றனர். ஒருவர் நெருங்கிப் பற்ற, மற்றவர் அவருடைய மேலுடலைப் பின்னுக்குச் சாய்த்துத் தாம் ஒரு முழங்காலில் தாழ்கிறார். பற்ற வந்தவர் மல்லாந்து விழுகிறார். எதிராளியைத் தூக்கும் முயற்சி மிகக் குறைவு. கவசத்தோடு 90 கிலோ வரும் ஒருவரைத் தூக்குவதற்கு வேண்டிய வலிமை எங்கே, அவருடைய நிறைநடுவக் கோட்டை ஒரு சாண் நகர்த்துவதற்கு வேண்டிய வலிமை எங்கே!

அப்போர்களுக்குப் பின் வந்த தொக்குகாவா ஆட்சியின் நெடிய அமைதியில் கவசங்கள் பெட்டிக்குள் அடங்கின. எளிய உடையில் நிகழும் சண்டைக்கேற்பக் குத்தும் கழுத்து நெரிப்பும் மூட்டு முறுக்கும் மிகுந்த பள்ளிகள் தோன்றின. 1876இல் பொதுவிடத்தில் வாள் ஏந்துவதே தடை செய்யப்பட, ஆசான்கள் பலர் பிழைப்பிழந்தனர். அத்தகைய காலத்தில்தான் 1860இல் பிறந்த கானோ ஜிகோரோ, குள்ளமான மெலிந்த பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, தென்ஜின் ஷின்யோப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் கீட்டோப் பள்ளியின் ஆசான் ஈக்குபோவிடம் பயின்றார். 1882இல் தோக்கியோவின் ஏஷோஜி கோவிலில் 12 பாய்கள் விரித்த இடத்தில் கோடோகான் என்னும் தம் ஜூடோப் பள்ளியைத் தொடங்கினார். எறிவதற்கு முன்பே எதிராளியின் நிலைப்பைக் குலைக்க வேண்டும் என்பதைத் தனிப் பாடமாக்கியவர் அவரே. தள்ளுபவனை இழு, இழுப்பவனைத் தள்ளு: அவனுடைய உந்தமே அவனைத் தளத்துக்கு வெளியே கொண்டுசெல்லும்.

ஆயினும் கானோவின் பெருங்கொடை இந்த இயக்கவியல் அன்று. பயிற்றும் முறை என்பதே என் கருத்து. குத்தையும் படைக்கல அசைவுகளையும் காத்தா என்னும் அசைவுத் தொகுப்புகளில் ஒதுக்கிவிட்டு, எறிதல், அமுக்கல், நெரித்தல், மூட்டை மடக்கல் ஆகியவற்றை முழு எதிர்ப்போடு நிகழும் ராந்தோரிப் பயிற்சியில் வைத்தார். முகத்துக்கு ஒரு விரலளவு முன்னே நிறுத்தும் குத்து, நிறுத்துவதைத்தான் கற்பிக்கும். (குத்துச்சண்டை அன்பர் சினவற்க, கையுறை அணிந்து மோதும் உங்கள் முறை வேறு.) எறிதலையோ நாள்தோறும் முழு விரைவில் பழகலாம், விழுபவர் விழத் தெரிந்தவராயின். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் நொடிக்கு 4.4 மீட்டர் விரைவில் தரையைத் தொடும். முழங்கையோ தலையோ முதலில் பட்டால் அந்த உந்தம் முழுதும் ஒரு சிறு எலும்பின்மேல் இறங்கும். கையை நீட்டிப் பாயில் அறைந்து, முதுகை வளைத்து, தாடையை மார்போடு சேர்த்து விழுந்தால் அதே உந்தம் பரந்த பரப்பிலும் நீண்ட நேரத்திலும் பகிர்ந்துவிடும். கொல்லும் கலை கூடத்துக்குள் வந்தது இந்த விழும் கலையால்.

பிறகு படைகளே ஜூடோவைத் தேடி வந்தன. 1905இல் யாமாஷிதா யோஷித்சுகு அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் கற்பித்தார். கோடோகானில் பயின்ற உருசியர் வசிலி ஒஷ்செப்கோவ் செம்படையினருக்குக் கற்பித்தார். சாம்போ என்னும் மற்போர் அதிலிருந்து வளர்ந்தது. அவரோ 1937இல் ஜப்பானிய ஒற்றர் என்ற குற்றச்சாட்டில் சிறைப்பட்டு அங்கேயே மாண்டார். சாங்காய்க் காவல்துறையில் பணியாற்றிக் கோடோகான் கருப்புப் பட்டை பெற்ற வில்லியம் ஃபேர்பேர்ன், இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியக் கமாண்டோக்களுக்குக் கற்பித்தபோது கானோ ஒதுக்கிய அடிகளையே முன்னுக்குக் கொண்டுவந்தார். நல்ல எறிதலுக்கு ஆண்டுகள் வேண்டும். அவரிடம் வந்த படைவீரருக்குச் சில கிழமைகளே இருந்தன.

போருக்குப்பின் ஜப்பானியப் பள்ளிகளில் ஜூடோவுக்கு விதித்த தடை 1950இல் நீங்கியது. 1956இல் கோடோகான் வகுத்த தற்காப்புத் தொகுப்பில் குறுவாள், தடி, கைத்துப்பாக்கி ஆகிய ஒவ்வொன்றுக்கும் எதிராக மும்மூன்று அசைவுகள் உள்ளன. போட்டி விதிகள் வேறு திசையில் சென்றன. எதிராளியின் காலைக் கையால் பற்றி வீழ்த்துவதைப் பன்னாட்டு ஜூடோக் கூட்டமைப்பு 2010இல் கட்டுப்படுத்தி, 2013இல் முற்றிலும் விலக்கியது.